பச்சை மஞ்சள் வயரின் மறுமுனை

என் அன்பான அப்பா,

உங்களுக்கு முதலாம் வருட ஆட்டைத் திவசம் வருகிறது. அதற்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறார்கள். நாற்பது பக்கம், வழவழப்பான தாள், அட்டையில் நீங்கள் கோட் போட்டுக்கொண்டு நிற்கிற படம். உங்கள் தலைக்குப் பின்னால் ஒரு மின்குமிழ் எரிகிறது. அது உங்கள் அண்ணனின் யோசனை. பெரியப்பா வெஸ்ட் ஈலிங்கிலிருந்து ரயில் மாறி வந்து, குட்மேய்ஸில் எங்கள் முன்னறைக் கதிரையில் இருந்துகொண்டு, என் மடிக்கணினித் திரையில் விரலை வைத்தார்.

"இதில இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு பிள்ளை. ஒரு தெய்வீகம் வரவேணும்."

கூட்டினேன். இப்போது உங்கள் தலைமுடியில் தீப்பிடித்தது போல இருக்கிறது. பெரியப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது.

தலைப்பு 'மின்னொளிச் செம்மல்'. ஊரில் நீங்கள் கறண்ட் மீற்றர் பார்த்தீர்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தீர்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போது மீற்றர் பார்ப்பவராக இருந்த ஆள், ஹீத்ரோவில் இறங்கும்போது எலெக்ரீசியன் ஆகிவிட்டார். இல்ஃபோர்ட்டுக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சினியர். செத்து ஒரு வருடத்தில் செம்மல். நம் சனத்திடம் பட்டங்களுக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை.

எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "உருக்கமா எழுது. சனம் அழவேணும்" என்று பெரியப்பா சொன்னார். சனம் அழுமோ தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. படிக்கட்டுக்குக் கீழே இருந்த உங்கள் பியூஸ் பெட்டி இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளை உலோகப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து உங்கள் பெருவிரலில் பாதித் தடிப்பான ஒரு பச்சை மஞ்சள் வயர் புறப்பட்டு, போகவேண்டிய இடத்துக்குப் போகிறது. போகவேண்டிய இடம் என்று ஒன்று இருந்தது, அப்பா. மீற்றருக்குப் பக்கத்தில். உங்கள் பெட்டியிலிருந்து இரண்டு முழம்.

இது எப்படித் தொடங்கியது என்றால், எங்கள் பழைய காஸ் அடுப்பு செத்துப்போனது. நான் ஒரு மின்னடுப்பு வாங்கினேன். அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டும் என்று கடைக்காரன் சொன்னான். உங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் முதல் தடவையாக வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டோம். அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர். சோதனை எழுதி, உரிமக் கார்ட் எடுத்த எலெக்ரீசியன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். வேலை செய்யும்போதும் மூக்குக்குள் ஏதோ பாடிக்கொண்டேயிருப்பார்.

படிக்கட்டின் கீழ்க் கதவைத் திறந்ததும் பாட்டு நின்றது.

"ஆர் இதைச் செய்தது? அடிமட்டம் வச்சுக் கோடு கீறின மாதிரி இருக்கு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இவளின்ர அப்பாதான் தம்பி. எல்லாம் அவரின்ர கை."

"வடிவான வேலை அன்ரி."

உண்மைதான். ஒவ்வொரு வயரும் நேர்கோடு. ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கிளிப். திரும்புகிற இடத்தில் எல்லா வயரும் ஒரே வளைவில் திரும்பும். நீங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கதவைத் திறந்து காட்டுவீர்கள். மற்றவர்கள் தோட்டத்தைக் காட்டுவது போல.

அன்ரன் அண்ணை தன் கருவியை எடுத்து இரண்டு முனைகளை எங்கேயோ வைத்தார். திரையைப் பார்த்தார். தட்டினார். மறுபடி வைத்தார்.

"வடிவு மட்டும்தான் இருக்கு" என்றார்.

இந்த மலரை வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். எர்த் என்பது மூன்றாவது வயர். அது சாதாரண நாட்களில் ஒரு வேலையும் செய்யாது. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள்ளோ கேத்தலுக்குள்ளோ கறண்ட் வயர் கழன்று இரும்பு உடம்பில் பட்டால், அந்தக் கறண்டை உடனே வெளியே கொண்டுபோய் பியூஸை எரியவைப்பது அந்த வயரின் வேலை. அந்த வயர் போய்ச் சேராவிட்டால் கறண்ட் அந்த இரும்பிலேயே நின்றுகொண்டிருக்கும். யாராவது கை வைக்கும்வரை.

நீங்கள் அந்த வயரைக் குசினிச் சிங்க்கின் கீழே தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டியிருந்தீர்கள். குழாய் மண்ணுக்குள் போகிறது, கறண்டும் மண்ணுக்குள் போகும். இந்த நாட்டின் பழைய வீடுகளில் ஒரு காலத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அன்ரன் அண்ணை சொன்னார். நீங்கள் செய்யத் தொடங்கியபோதே அது செல்லாத முறை. அது போகட்டும். மூன்று கோடைக்கு முன் தண்ணீர்க் கொம்பனிக்காரர் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருக்களையும் கிண்டிப் பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் புதியவை போட்டார்கள். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீர்கள். கிண்டிய கிடங்குக்குப் பக்கத்தில் நின்று பின்னேரம் முழுக்கப் பார்த்தீர்கள்.

அன்ரன் அண்ணை சிங்க்கின் கீழே தலையை விட்டபடி என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும் தங்கச்சி. இதில இருந்து அங்கால நீலம்."

"நீலமெண்டா?"

"பிளாஸ்ரிக். உங்கட எர்த் இந்த இடத்தோட சரி. வீட்டில இருக்கிற இரும்பு எல்லாம் ஒண்டையொண்டு கைபிடிச்சுக்கொண்டு நிக்குது. நிலத்தில ஒருதரும் நிக்கேல்லை." வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "அன்ரி, இந்தத் தண்ணி ரப்பில கை வைக்கேக்க ஏதும் செய்யிறதோ?"

"என்ன செய்யிறது?"

"கூசுறது. எறும்பு ஓடுற மாதிரி."

அம்மா கையைச் சட்டையில் துடைத்தாள். "அது எனக்குச் சீனி வருத்தம் தம்பி."

அப்பா, அம்மாவின் கை விறைக்கத் தொடங்கி மூன்று வருடம். உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் கூடும். சனிக்கிழமை அவளுக்கு விரதம். நீரிழிவுக்காரிக்கு வெறும் வயிற்றில் சீனி இறங்குவதால் என்று ஒருவர் சொன்னார். சனி பகவானின் பார்வை என்று இன்னொருவர். அம்மா இரண்டையும் நம்பினாள். குளிசையும் போட்டாள், எள்ளெண்ணெயும் எரித்தாள். சோற்றை ஒரு அகப்பையாகக் குறைத்தாள். தேத்தண்ணியை வெறுந்தேத்தண்ணி ஆக்கினாள். மாம்பழக் காலத்தில் கடைக்குப் போவதையே விட்டாள். சனிக்கிழமைகளில் இந்த வீட்டில் வேறு என்ன நடக்கும்? உடுப்புத் தோய்க்கிற மெசின் ஓடும். காலையிலிருந்து மத்தியானம் வரை. அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்ரன் அண்ணை அம்மாவைக் குழாயைத் தொட விடவில்லை. தன் கருவியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைத் தரையில் விரித்த ஈரத் துணியிலும் வைத்தார். மெசினைப் போடச் சொன்னார். இலக்கம் ஏறியது. நிறுத்தச் சொன்னார். இறங்கியது. மறுபடி போட்டார். ஏறியது. மூன்று வருடமாகத் தன் உடம்புக்குள் இருப்பதாக அம்மா நம்பிய வருத்தம் ஒரு சின்னத் திரையில் நின்றது.

"அப்ப எனக்குச் சீனி இல்லையோ?"

"அது இருக்கும் அன்ரி. ஆனா உங்கட ரப்புக்கும் சீனி இருக்கேலாதுதானே."

அம்மா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பிறகு வெளியே போய்க் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஏனென்றால் வைத்தியரிடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது நான். மொழிபெயர்த்தது நான். பத்து நிமிடம்தான் தருவார்கள், சுருக்கமாகச் சொல்லவேண்டும். அம்மா சொன்னது: "ரப்பைத் துறக்க, சட்டி கழுவ, இந்த ரெண்டு கையும் ஒரு மாதிரி விர்ரெண்டு ஏறுது." நான் சொன்னது: இரண்டு கைகளிலும் விறைப்பு, இடையிடையே. ரப்பையும் சட்டியையும் விட்டுவிட்டேன். அவை அம்மாவின் வழக்கமான அலம்பல் என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு கவிதையில் விடுபட்ட ஒரு சொல்லைப் பற்றி நாள் முழுக்கப் பேசக்கூடியவள். என் தாய் சொன்ன இரண்டு சொற்களைக் குப்பையென்று ஒதுக்கினேன். வைத்தியர் தலையாட்டினார். நரம்புப் பரிசோதனைக்கு எழுதினார். குளிசையைக் கூட்டினார்.

அதனால் உங்களை மட்டும் இகழ்கிறேன் என்று நினைக்கவேண்டாம். வரிசையில் நானும் நிற்கிறேன். ஆனால் உங்களுக்குப் பின்னால்.

ஏன் பின்னால் என்று சொல்கிறேன். நான் திரும்பி உள்ளே வந்தபோது அம்மா உங்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா விட்டிருப்பாரே?"

அன்ரன் அண்ணை அவள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்க்குக்கு முன்னால் விரித்திருந்த கறுப்பு ரப்பர் பாய். வரிவரியாக, கனமாக. குனிந்து ஒரு மூலையைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இது எங்க வாங்கினது அன்ரி?"

"இவர் கொண்டந்தது. கனநேரம் நிக்கிறனான், கால் நோகாதெண்டு."

அவர் பாயை மெல்ல விட்டார். "இது காலுக்குப் போடுற பாயில்லை. பெரிய கறண்ட் அறையளுக்க சுவிச்சுக்கு முன்னால போடுறது. ஆள் செத்துப்போகாம."

அப்பா, முப்பது வருடத்தில் அம்மாவின் காலைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை. முதலில் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தீர்கள். குசினியில் சாமித் தட்டு இருக்கிறது, செருப்போடு நிற்கமாட்டேன் என்றாள். பிறகு பாய் வந்தது. அதையும் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கழுவித் தோட்டத்து வேலியில் காயப்போட்டாள். சனிக்கிழமை காலையில் அது காய்ந்திருக்காது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றாள். நீங்களோ குழாயை எப்போதும் புறங்கையால் தட்டித் திறப்பீர்கள். அது உங்கள் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருந்தது.

மின்கொம்பனிக்கு ஒரு தொலைபேசி. அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு எர்த் வேண்டும் என்று கேட்டால் அவர்களே வந்து மீற்றருக்குப் பக்கத்தில் பூட்டித் தருவார்கள். ஏன் எடுக்கவில்லை? அவர்கள் உங்கள் பதிவு இலக்கத்தைக் கேட்பார்கள் என்று பயந்தீர்களா? உங்களிடம் இலக்கம் இல்லை. முன்னறையில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழை நான் கழற்றி, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாசித்தேன். ஒரு நாள் வகுப்புக்கு நீங்கள் வந்திருந்தீர்கள் என்பதற்கான சான்று அது. வந்திருந்தார். வேறொன்றும் இல்லை. இருபது வயதுப் பெடியன்களோடு மேசையில் இருந்து சோதனை எழுத உங்களுக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு அம்மா கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

மின்கொம்பனிக்காரன் வந்தான். இளம் பெடியன், காதில் தோடு. நீங்கள் இத்தனை வருடம் பயந்த ஆள் அவன்தான். அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்தான். ஒருவரிடமும் ஓர் இலக்கமும் கேட்கவில்லை. எங்கள் பூனையின் பெயரை மட்டும் கேட்டான்.

அடுத்த நாள் அன்ரன் அண்ணை வந்தார். உங்கள் பெட்டியை இறக்கினார். வயர்களை அறுக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நேரா இருக்கிற வயரை வெட்ட மனம் வராது" என்றார். நான் தரைப் பலகைகளைத் தூக்கி வயர் இழுத்தேன். புதிய பெட்டியிலிருந்து மீற்றருக்குத் தடித்த வயர் ஒன்று. காஸ் குழாய்க்கு ஒன்று. வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் செம்பாகத் தொடங்குகிற இடத்துக்கு ஒன்று. இடையில் ஒட்டு இல்லை, ஒரே நீளம். குழாயின் மேல் இருந்த பெயின்ற்றை உப்புத்தாளால் தேய்த்து, செம்பு மினுங்கிய பிறகுதான் கிளாம்ப்பை இறுக்கினார். நான் இறுக்கியதை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

"தங்கச்சி, இது சுருக்குப் பையில்லை. திருப்பும்."

திருப்பினேன்.

பெட்டியில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கிறது. கறண்ட் வழி தவறினால் தானாக நிறுத்துகிற சுவிச்சுக்கு. அதை அழுத்தினார். பட்டப்பகலில் பிரிட்ஜ், ரீவி, எல்லாம் நின்றன. அம்மா "ஐயோ" என்று ஓடிவந்தாள்.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. உங்கட பழைய பெட்டி பொறுமைசாலி. இது கோவக்காரன்."

கடைசியாகக் கருவியை வைத்தார். முன்பு ஓர் இலக்கமும் காட்டாமல் அலைந்த திரை இப்போது ஒன்றுக்கும் குறைவான ஓர் இலக்கத்தில் நின்றது. குறைவாக இருப்பதுதான் நல்லது என்றார். அம்மா குழாயைத் திறந்து கையை நீட்டினாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பாத்திரம் ஒன்றும் இல்லாத சிங்க்கில் அவ்வளவு நேரம் நின்றாள்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். வீட்டு விசயம், வீட்டுக்குள் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். கருவிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே அன்ரன் அண்ணை கேட்டார்:

"அப்பா வேற வீடுகளும் செய்தவரோ?"

என் மடிக்கணினியில் இந்த மலர் திறந்திருந்தது. பதினேழு இரங்கல் உரைகள் வந்திருந்தன. எங்கள் இல்லத்துக்கு ஒளி தந்த உத்தமரே. நீர் இழுத்த வயரில் இன்றும் எரியுது எம் விளக்கு. அண்ணை, நீங்கள் பூட்டிய பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணீர். பதினேழையும் நானே தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி, கீழே பெயரும் தெருவும் போட்டிருந்தேன். இப்போது மறுபடி வாசித்தேன். பெரும்பாலானவை தண்ணீர்க் குழாய் மாற்றிய தெருக்கள்.

நான் அழைக்கத் தொடங்கினேன். முதலில் இரண்டு தெரு தள்ளியிருக்கிற குமுதா அன்ரி. அவருடைய மகள் பிள்ளைப்பேற்றுக்கு அங்கே வந்து நிற்கிறாள், எட்டு மாதம். அதனால் முதலில் அவர்.

"என்ன பிள்ளை, செத்த மனுசனில குற்றம் பிடிக்கிறியோ? அவர் செய்து பதினாலு வருசம். ஒரு நாள் லைற் நிண்டதில்லை."

"லைற் நிக்கிறதுக்கும் எர்த்துக்கும் சம்பந்தமில்லை அன்ரி."

"நீ இங்கிலீசுதானே படிச்சனி?"

போனை வைத்துவிட்டார்.

அடுத்தவர் உங்கள் சீட்டுக்கட்டு நண்பர். பின்தோட்டத்தில் ஓர் அறை கட்டி மாணவர்களை வைத்திருக்கிறார். "கவுன்சில்காரன் கேள்விப்பட்டு அந்த அறையைப் பாக்க வந்தா நீயோ பதில் சொல்லுவாய்?" மூன்றாமவர் வயரைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அந்த எலெக்ரீசியன் ஆர்? மன்னாரோ? வேதக்காரரோ? கலியாணம் முடிச்சவரோ?" மூன்று பிள்ளைகள் என்றேன். அவருக்கு என்னோடு பேசுவதில் ஆர்வம் போய்விட்டது.

இவர்கள்தான் உங்கள் உடலுக்கு முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவர்கள். உங்கள் பெயருக்கு அழ ஆயத்தம். உங்கள் கிளாம்ப்பைப் பார்க்க ஆயத்தம் இல்லை. நீங்கள் வாழ்நாள் முழுக்க யாருடைய மதிப்புக்காகச் சாகாமல் செத்தீர்களோ, அந்தச் சனம் இதுதான்.

யாரோ பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அன்று பின்னேரமே அழைத்தார்.

"செத்தவன்ர பேரில மண் அள்ளிப் போடுறியோ? அவன் உன்னைப் படிப்பிச்சது இதுக்கோ?"

"ஆரும் கறண்ட் அடிச்சுச் செத்தா மலருக்கு இன்னொரு பக்கம் கூட்டுவியளோ பெரியப்பா?"

"வாயைக் கழுவு."

"இப்ப கழுவலாம். எங்கட ரப்பில கறண்ட் இல்லை."

அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை மேசையில் எறிந்தேன். அவள் அதை எடுத்தாள்.

"உனக்குக் கதைக்கத் தெரியாது. பேரைத் தேடித் தா. குமுதாவை."

ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தேன். வயரைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முதலில் மகளின் வயிற்றைப் பற்றிக் கேட்டாள். பிறகு முருங்கைக்காய் எங்கே மலிவு என்று. பிறகு:

"குமுதா, உம்மட கை எப்பிடி?"

"அதையேன் கேக்கிறீர் கமலா. அதே விறைப்புத்தான். டொக்டர் குளிசையைக் கூட்டியிருக்கிறார்."

"எங்க நிக்கேக்க விறைக்குது?"

"எங்க நிக்கேக்கயோ? கை எண்டா எங்கயும் விறைக்கும்தானே."

"இல்லை, யோசிச்சுச் சொல்லும். கட்டில்ல படுத்திருக்கேக்க?"

"…இல்லை."

"ரீவி பாக்கேக்க?"

"இல்லை."

"சிங்க்கடியில?"

அந்தப் பக்கம் கரண்டி ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஓம்."

"மெசின் ஓடேக்க கூடுதோ?"

"கமலா, உமக்கு என்னண்டு தெரியும்?"

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. அது சீனி இல்லை. கறண்ட்."

குமுதா அன்ரி தன்னைத்தானே தேற்றுகிறவர் போலச் சொன்னார்: "ஆனா நான் பாயிலதானே நிக்கிறனான்."

"என்ன பாய்?"

"கறுப்பு ரப்பர் பாய். உம்மட அவர்தான் கொண்டந்து விரிச்சவர். முழங்கால் நோவுக்கு நல்லதெண்டு."

அம்மா என்னைப் பார்த்தாள். உங்களுக்காக அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன். தெரிஞ்சா விட்டிருப்பாரே என்று. அவளோ கடையில் சாமான் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அந்தப் பாயில இருந்து இறங்காதையும். பாயைக் கழுவாதையும். மெசினை இப்ப நிப்பாட்டும். மகளைச் சிங்க்கடிக்கு விடாதையும். சனிக்கிழமை அன்ரன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாறம்."

"வாருங்கோ" என்றார் குமுதா அன்ரி.

அம்மா அன்றைக்கு ஆறு பேரோடு பேசினாள். எல்லாரும் பெண்கள். ஒருவரோடும் வயரில் தொடங்கவில்லை. கையில்தான் தொடங்கினாள். நான்கு பேர் ஓம் என்றார்கள். மூன்று வீட்டில் பாய். இத்தனை வருடமாக இந்தப் பெண்கள் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் தங்கள் சீனியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், குளிசையின் நிறங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பாகற்காய்ச் சாறு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா, அந்தப் பாய்களை நீங்கள் எப்படிக் கொண்டுபோனீர்கள்? கனமானவை. தோளில் சுருட்டி வைத்துக்கொண்டா? ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நின்று, தேத்தண்ணியும் குடித்து, முழங்காலுக்கு நல்லது என்று சிரித்தபடி சொன்னீர்களா? வீடு வீடாகப் போயிருக்கிறீர்கள். தெரியாதவர் என்றால் மன்னிக்கலாம். தெரிந்தும் சும்மா இருந்தவர் என்றால் வெறுக்கலாம். தெரிந்து, பயந்து, உண்மையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் பாயை மட்டும் காவிக்கொண்டு போன மனிதரை நான் என்ன செய்ய? பல்கலைக்கழகம் எனக்கு நிறையச் சொற்கள் தந்தது. இதற்கு ஒன்றும் இல்லை. கோழை என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா இந்தக் கடிதத்தை நிற்பாட்டச் சொன்னார். அதற்குப் பதில் உங்களைப் பற்றிய ஒரு வெண்பாவைப் போடச் சொன்னார். மலரைப் பக்கம் பிரித்து அச்சகத்துக்கு அனுப்புகிறவள் நான். அவர் இதை வாசிக்கும்போது மை காய்ந்திருக்கும். பெரியப்பா, உங்கள் வீட்டையும் அப்பாதான் செய்தவர். பெரியம்மாவிடம் கையைப் பற்றிக் கேளுங்கள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: சிங்க்கின் கீழே பாருங்கள். பச்சை மஞ்சள் வயர் குழாயில் கட்டியிருந்தால், குழாயைத் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். அம்மாவிடம் பேசுங்கள். அவளுக்குத்தான் கதைக்கத் தெரியும்.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் பெயரை நான் காப்பாற்றமாட்டேன். அதைப் பெரியப்பா பார்த்துக்கொள்வார், குமிழோடு. நீங்கள் வயர் இழுத்த வீடுகளுக்கு நான் போவேன். பதினேழுக்கும். கதவைச் சாத்தினால் அடுத்த கிழமை மறுபடி போவேன். சனிக்கிழமை பத்து மணிக்குக் குமுதா அன்ரி வீடு. முதலில் மெயின் சுவிச்சை இறக்குவோம். அந்த வீட்டில் யாராவது உங்களைப் புகழ்ந்து பேசத் தொடங்குவார்கள், அது நிச்சயம். நான் மறுத்துப் பேசமாட்டேன். அவர்கள் பேசி முடியும்வரை காத்திருக்கவும் மாட்டேன்.

உங்கள் ஒரே பிள்ளை,
ஆரணி